நுனி சேர்க்காத மாலை

கௌனாகாகாய், மொலோகாய்
மார்ச் 11, 1997

அன்புள்ள நோஹேயா அக்காவுக்கு,

மாபு எழுதுவது. அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். நாய்க்கு மட்டும் காதில் புண். அப்பா மருந்தோடு வந்தால் என் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறது. உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது போனை எடுத்தது நான்தான். மே பதினேழாம் தேதி பட்டமளிப்பு விழா என்று நீ சொன்னாய். நான் ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்குச் சந்தோஷமில்லை என்று நினைக்காதே. போனில் என்னால் மூச்சு மட்டும்தான் விட முடிகிறது. எழுத உட்கார்ந்தால் பேச்சு வருகிறது. இனி நாம் இப்படியே பேசிக்கொள்ளலாம்.

நீ வைத்த பிறகு இங்கே ஒரே குழப்பம். அதே நாளில்தான் கியாவே அண்ணன் மகனுக்கு முதல் பிறந்தநாள் விருந்து. ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பன்றி வேகும் குழி அடுப்புக்கு அப்பாதான் பொறுப்பு, சமையலுக்கு அம்மா. யாரும் நகர முடியாது. விழா முடிந்து எல்லாரும் அவரவர் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப் பலகைக்குக் கீழே நிற்பார்களே, அப்போது உனக்கு மாலை போட யார் இருப்பார்கள் என்று அம்மா கேட்டாள். அப்பா சாப்பாட்டு மேசையை இரண்டு தடவை சுற்றிவந்தார். அப்புறம் சொன்னார்: "ஆள் போக முடியாட்டி என்ன, மாலை போகட்டும். என் பொண்ணு கழுத்து காலியா நிக்கக் கூடாது."

ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு மாலை, காலை விமானத்தில் வரும். விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் லோகே அத்தை பார்த்துக்கொள்வாள். பெரும்பாலும் நான்தான் கோர்க்கப் போகிறேன். என்ன பூ வேண்டும் என்று எழுது.

உன் தங்கை,
மாபு


ஹொனலூலு
மார்ச் 22

அன்பு மாபு,

உன் கடிதமும், அதில் ஒட்டியிருந்த நாய் முடியும் வந்தன. நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் களைப்பு. ரொட்டி, கேக் படிப்புக்கு வந்தவளுக்கு இப்போது வெண்ணெய் உருகும் வாசனையே ஆகவில்லை. ஆசிரியர் சிரிக்கிறார். பரீட்சை நெருங்கினால் இப்படித்தான் போலிருக்கிறது.

அப்பா சொன்னதைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு சிரித்தேன். இரண்டு வருடம் முன்பு விமான நிலையத்தில் அவர் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "கையில பட்டக் காகிதத்தோட வா. வேற எதோடயும் வராதே." நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்வரை விரலை ஆட்டிக்கொண்டே நின்றார்.

சம்பங்கி மட்டும் வேண்டாம். மற்ற எந்தப் பூவும் சரி.

அறைத்தோழி டெனிஸ் அயோவாவிலிருந்து வந்தவள். விழாவில் கழுத்து நிறைய மாலை விழும் என்றேன். "மறுநாள் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடணுமா?" என்று கேட்டாள். விமான நிலையம் போய் உங்கள் பெட்டியை வாங்கி வருவதும் எனக்கு மாலை போடுவதும் அவள் வேலை என்று முடிவாகியிருக்கிறது. இங்கே ரஸல் என்று ஒரு பையன், மோட்டார் பழுது பார்க்கும் படிப்பு. அவன் காரைத்தான் அவளுக்குக் கொடுக்கிறான். அவனுக்கும் அன்றைக்கே பட்டம்.

எனக்கு இரண்டு இருக்கைச் சீட்டு கிடைத்திருக்கிறது. விருந்து வேலை உனக்கு அவ்வளவு இல்லையே, நீ மட்டுமாவது வாயேன்.

அன்புடன்,
நோஹேயா


மொலோகாய்
ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம். நாயின் காது ஆறிவிட்டது. உன் களைப்பு குறைந்ததா?

வருவதைப் பற்றி. நீ கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். முன்பின் தெரியாத அத்தனை பேருக்கு நடுவில், ஒரு பலகைக்குக் கீழே என்னால் நிற்க முடியாது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவிடம் தலைவலி என்றேன். அந்தத் தலைவலிக்கு இப்போது இரண்டு வயது. கோபித்துக்கொள்ளாதே, நான் பூ கோர்க்கிறேன். அதில் என்னை யாரும் வாசிக்கச் சொல்வதில்லை.

சம்பங்கி வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். தலையணைக்கடியில் சம்பங்கி வைத்துக்கொண்டு தூங்கியவளாயிற்றே என்றாள். பிறகு பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெட்கக்கேடு நடந்தது. வயலெட் சித்திக்கு இது ஆறாம் மாதம். சனிக்கிழமை அவள் வந்தபோது நான் எருக்கம்பூவில் ஒரு மாலை கோர்த்து, நுனிகளைச் சேர்த்து அழகாக முடிச்சும் போட்டு, அப்படியே தலைவழியே போட்டுவிட்டேன். அம்மா ஓடிவந்து எல்லார் முன்னாலும் கத்தரிக்கோலால் வெட்டினாள். வட்டமாகக் கட்டிய மாலையைப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் போட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும், இதுகூடத் தெரியாமல் என்ன பூக்காரி என்று பிடித்துக்கொண்டாள். தெரியும். கை வேகத்தில் மறந்துவிட்டது. சித்தி பாவம், விழுந்து விழுந்து சிரித்தாள். இனி முடிச்சு என்றாலே யோசித்துத்தான் போடுவேன்.

உன்
மாபு


ஹொனலூலு
ஏப்ரல் 17

அன்பு மாபு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நான் நலம். நீ வராததில் வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை.

விழா அங்கி வந்துவிட்டது. கறுப்பு. ஒரு அளவு பெரியதாகவே வாங்கிக்கொண்டேன், காற்றோட்டமாக இருக்குமே. தட்டைத் தொப்பியின் மேல் ஆளாளுக்கு ஏதேதோ ஒட்டுகிறார்கள். நான் உப்பும் மாவும் பிசைந்து சுட்ட ஒரு குட்டி ரொட்டியை ஒட்டியிருக்கிறேன். டெனிஸ் அதைக் கடித்துப் பார்த்தாள்.

மாபு, ஒரு சின்ன விஷயம். எனக்கு அனுப்பும் மாலைகள் எதிலும் நுனிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டாம். தோளில் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி விட்டுவிடு. இப்போது இங்கே அதுதான் நாகரிகம். ஊரார் முன்னால் நின்று நானே அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது, போட வந்தவர்களிடம் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. எல்லாமே அப்படி இருக்கும்படி நீ பார்த்துக்கொள். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு நாகரிகம் பிடிக்காது.

அன்புடன்,
நோஹேயா


மொலோகாய்
ஏப்ரல் 23

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். நான் அதை நம் அறையில், கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன்.

சரி. எதையும் சேர்த்துக் கட்ட மாட்டேன். பெட்டியை நானே மூடி ஒட்டுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கனமான மாவு மூட்டையெல்லாம் தூக்குகிறாயா? அந்த ரஸலைத் தூக்கச் சொல். மோட்டார் பிரிக்கிறவனுக்கு மாவு மூட்டை பெரிதில்லை.

இத்துடன் உப்பில் போட்ட பிளம் பொட்டலங்கள் அனுப்பியிருக்கிறேன். வயலெட் சித்தி அதில்லாமல் வெளியே கிளம்புவதே இல்லை. நாக்குக்கு நன்றாக இருக்குமாம். உனக்கும் பிடிக்கலாம் என்று தோன்றியது. வேறொன்றுமில்லை.

எப்போதும் உன்,
மாபு


ஹொனலூலு
மே 2

என் மாபு,

பிளம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. இன்னும் இருந்தால் அனுப்பு. மாவு மூட்டைகளை ரஸல்தான் தூக்குகிறான். நீ சொன்னாய் என்று சொன்னதும் நிமிர்ந்து நின்று தூக்குகிறான்.

நீ ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு நன்றி.

ஜூன் மாதம் வருகிறேன். அப்பாவிடம் காகிதத்தை முதலில் கையில் கொடுப்பேன். அவர் அதைப் படித்து முடித்ததும் மற்றதை நானே, என் வாயால் சொல்வேன். வேறு யார் வாயிலிருந்தாவது முதலில் கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. மற்றபடி சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், மாபு. ரொம்பச் சந்தோஷமாக.

நோஹேயா


மொலோகாய்
மே 18, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? முதலில் அதைச் சொல். நேற்று நீ போன் செய்திருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது, பாட்டும் கூத்தும் அப்படி.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். மாலைகளை வெள்ளிக்கிழமையே முடித்து, நுனிகளைச் சேர்க்காமல், ஈரத்துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். அம்மா தன் மாலையைத் தானே கோர்த்து, இலையில் பொதிந்து அடியில் வைத்தாள். அதை யாரையும் தொடவிடவில்லை. நேற்று விடிந்ததும் என்னைச் சேப்பங்கிழங்குக் கூழ் வாங்கி வர அனுப்பிவிட்டார்கள். திரும்பி வருவதற்குள் பெட்டி விமானம் ஏறிவிட்டது.

மதியம் சமையலறையில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தபோது வயலெட் சித்தி என்னைச் சீண்டினாள். "இந்தப் பொண்ணப் பாருங்கடி. எனக்குக் கட்டக் கூடாதத கட்டுனா. அக்காவுக்குக் கட்ட வேண்டியதையெல்லாம் கட்டாம விட்டிருந்தா. காலைல பெட்டியத் தொறந்து நானும் லோகேயும் உக்காந்து ஒண்ணொண்ணா முடிச்சுப் போட்டு அனுப்பினோம்."

உன்னை நம்பியிருக்கிறேன் என்று நீ எழுதியதுதான் கண் முன்னால் வந்தது. டெனிஸுக்கு ஒன்றும் தெரியாது, ஒவ்வொன்றாக உன் தலைவழியே போடுவாள், நீ மறுக்கவும் முடியாமல் போட்டுக்கொள்ளவும் முடியாமல் நிற்பாய். நீ அனுப்பிய அழைப்பிதழில் கல்லூரியின் போன் எண் இருந்தது. போனோ சமையலறைச் சுவரில். அதன் கீழேயே கத்திகளோடு அத்தனை பேர்.

எண்ணைச் சுழற்றினேன். யாரோ ஒரு ஆள் எடுத்தார். நோஹேயா கஹானுவுக்கு ஒரு செய்தி என்றேன். "கேக்கலம்மா, இங்க ஒரே சத்தம். கொஞ்சம் உரக்கச் சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன். "இன்னும் உரக்க" என்றார். அக்கா, பத்தாம் வகுப்பில் எனக்கு வராத சத்தம் அப்போது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"நோஹேயா கஹானுகிட்ட சொல்லுங்க. மாலையெல்லாம் முடிச்ச அவுத்துட்டுத்தான் போடணும். ஒண்ணுகூட கட்டினபடி போடக் கூடாது. மொலோகாய்லருந்து தங்கச்சி மாபு சொன்னேன்னு சொல்லுங்க."

அந்த ஆள் நான் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, எழுதிக்கிட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஒரு கத்திகூட அசையவில்லை. லோகே அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். வயலெட் சித்தி தன் வயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயில் துணியை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அம்மா மட்டும் தலை நிமிரவில்லை. "வெங்காயம் அப்படியே கிடக்கு" என்று சொல்லிவிட்டு நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அப்பா குழி அடுப்புப் பக்கம் இருந்தார். அவர் காதுக்குப் போகாது என்று எல்லாரும் சத்தியம் செய்திருக்கிறார்கள். அம்மா நேற்றிலிருந்து என்னோடு அதிகம் பேசவில்லை. கோபமா என்று தெரியவில்லை. உன் வாயால் சொல்ல வேண்டியதை என் வாய் சொல்லிவிட்டது. என்னை மன்னிப்பாயா?

மாபு


ஹொனலூலு
மே 18, ஞாயிறு காலை

மாபு, என் தங்கமே,

நான் நலம், நலம், நலம். நேற்று ராத்திரி போன் செய்து பார்த்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. உன்னைப் பேச விட்டால் உலகமே கேட்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

நாங்கள் அங்கியும் தொப்பியுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தோம். விழா தொடங்குமுன் ஒருவர் ஒலிபெருக்கியில் அறிவிப்புத் துண்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார். நீல நிறக் கார் ஒன்றின் விளக்கு எரிகிறது. ஒரு குழந்தையின் செருப்பு கிடைத்திருக்கிறது. அடுத்த துண்டை எடுத்தார், அதே குரலில் வாசித்தார்: "நோஹேயா கஹானுவுக்கு மொலோகாயிலிருந்து தங்கை மாபு தெரிவிப்பது: மாலைகளை முடிச்சவிழ்த்துவிட்டுத்தான் போட வேண்டும், ஒன்றுகூடக் கட்டினபடி போடக் கூடாது."

வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அட" என்று ஒரு சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது பார், கூரை பிய்ந்துகொண்டு போகும்போல. பின் வரிசையில் யாரோ சங்கு ஊதினார்கள். முன் வரிசையில் இருந்த ரஸல் திரும்பி என்னைப் பார்த்தான், காதுவரை சிவப்பு. அவன் திரும்பியதைப் பார்வையாளர் பகுதியிலிருந்து அவன் அம்மா பார்த்தாள். அவளுக்கும் அதுவரை தெரியாது. அவள் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். மேடையில் என் பெயரைக் கூப்பிட்டதோ நான் நடந்ததோ சரியாக நினைவில்லை. காகிதம் கையில் இருக்கிறது, அதனால் நடந்திருப்பேன்.

கே எழுத்துப் பலகைக்குக் கீழே போனால், எனக்கு முன்னால் ரஸலின் அம்மா வந்து நின்றிருந்தாள். மகனுக்குக் கொண்டுவந்த மாலை கையில். அதன் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, இரண்டு நுனியும் தொங்க என் தோளில் போட்டாள். "முதல்ல இவளுக்கு. நீ அப்புறம்" என்று அவனைத் தள்ளிவிட்டாள். பிறகு யார் யாரோ வந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு வைத்திருந்ததில் ஒன்றை அவிழ்த்து எனக்குப் போட்டுப் போட்டுப் போனார்கள். டெனிஸ் உங்கள் பெட்டியைத் தரையில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு முடிச்சுகளைப் பிரித்தாள். அவள் எடுத்த படத்தில் என் கண்ணும் தொப்பியில் இருக்கும் ரொட்டியும் மட்டும்தான் தெரியும்.

பெட்டியின் அடியில் இலைப் பொதி இருந்தது. அம்மாவுடையது. குண்டுமல்லி. டெனிஸ் முடிச்சைத் தேடினாள், தேடினாள், கிடைக்கவில்லை. "இதுல முடிச்சே இல்லையே" என்றாள். அம்மா சேர்த்துக் கட்டவே இல்லை, மாபு. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு கவலை. கூட்டத்தில் நம் ஊர் பெட்ரோல் பங்க் மாமா இருந்தார், மகளைப் பார்க்க வந்திருக்கிறார். எனக்குக் கை காட்டினார். நாளைக்கு ஊர் திரும்புகிறார். அவர் சொல்லாமல் இருப்பாரா? அப்பா முகத்தைப் பார்த்து எனக்கு எழுது. உள்ளது உள்ளபடி எழுது.

உன் வாயை முத்தமிடும்,
நோஹேயா


மொலோகாய்
மே 26

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பயந்துகொண்டே படிக்க வேண்டாம்.

அம்மாவிடம் மாலையைக் கேட்டேன். "சம்பங்கி வேணாம்னு எழுதினாளே, அன்னிக்கே தெரியும். உன்னை உண்டாயிருந்தப்ப எனக்கும் அது ஆகல" என்றாள். அவ்வளவுதான். உன் பழைய தொட்டிலை ஏற்கெனவே துடைத்து வைத்திருக்கிறாள், அப்பா பார்க்காத இடத்தில்.

பெட்ரோல் பங்க் மாமா திங்கட்கிழமை வந்தார், செவ்வாய்க்கிழமை அப்பா வண்டிக்கு எண்ணெய் போடப் போனார். அவர் திரும்பி வந்து எஞ்சினை நிறுத்திய பிறகும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நாய் போய்க் கதவைப் பிறாண்டியது, அதற்கும் இறங்கவில்லை. பிறகு சமையலறைக்கு வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். முகம் நீ சொன்ன மாதிரிதான் போயிருந்தது. உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

"ஹொனலூலு பூரா தெரியும். பெட்ரோல் போடறவனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாதா?"

நான்தான் பேசினேன், அக்கா. நீ முதலில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு உன் வாயால் சொல்ல இருந்ததை, அதற்காகத் தூங்காமல் இருந்ததை, போனில் கத்தியது நான் என்பதை, எல்லாம் சொன்னேன். அப்பா நான் சொன்னதைக் கேட்டாரா, நான் பேசுவதைப் பார்த்து அசந்துபோனாரா தெரியவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு வலைக் கொட்டகைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் யாரோடும் பேச்சில்லை.

வியாழக்கிழமை அம்மாவின் அலமாரியிலிருந்த பிளம் பொட்டலங்களைக் காணவில்லை. சாயங்காலம் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். அப்பா தூண்டில் நரம்பில் அந்தப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த முடிச்சுகள் எல்லாம் மீனுக்கானவை. ஒரு நுனியைத் தூக்கினால் மறு நுனி வழியே பொட்டலமெல்லாம் சரசரவென்று கொட்டியது. திட்டிக்கொண்டே பொறுக்கினார். என்னைப் பார்த்ததும், "இங்க வா பூக்காரி. சேத்துக் கட்டாம இது எப்படி நிக்கும்?" என்றார். நுனிக்கு நுனி தனியாக ஒரு தடை முடிச்சுப் போடக் காட்டிக்கொடுத்தேன். இரண்டு நுனியும் தப்பித் தவறிக்கூடச் சேர்ந்துவிடாமல் இருக்கிறதா என்று விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

இதைச் சாயங்கால விமானத்தில் லோகே அத்தையின் மகன் கொண்டுவருகிறான். உன் கழுத்தில் போடும்போது கவனம், கனம் அதிகம். அந்த ரஸலுக்கும் ஒரு பொட்டலம் கொடுக்கச் சொன்னார், ஒன்று மட்டும்.

உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார். போனில் சொல்லுங்களேன் என்றேன். தலையைச் சொறிந்தார். "போன்ல எனக்கு வராது. நீயே எழுது" என்றார். நான் யாருடைய மகள் என்று இப்போது தெரிகிறதா? அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"காகிதத்தோட வரச் சொல்லு. மத்ததையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு."

உன் தங்கை,
மாபு